கிழிக்காத அரைச் சீட்டு

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புச் சீட்டு இருக்கிறது. நூலகத்தில் பழைய ஆவணம் கேட்டு எழுதிக் கொடுக்கும் சீட்டின் பாதி. தொகுதி எண், தேதி, என் கையெழுத்து, அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு அது குப்பை. எனக்கோ அதைத் தூக்கிப் போட முடியவில்லை.

2008-இல் நான் சிதம்பரத்தில் வரலாற்று ஆய்வு மாணவன். ஊர் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம். 2004-இல் அலை வந்து போன பிறகு எங்கள் வீட்டில் ஒரு துண்டுக் காகிதம் மிஞ்சவில்லை. அப்பாவின் படகுப் பதிவிலிருந்து குடும்ப அட்டைவரை எல்லாம் கடலோடு போயிற்று. எங்கள் கரையைப் பற்றி எங்காவது எழுத்தில் ஏதாவது இருக்காதா என்ற வெறியில்தான் ஆய்வுக்கே வந்தேன். பல்கலைக்கழக நூலகத்தில் இரண்டு வருடம் தூசியைத் தின்ற பிறகு ஒரு கையெழுத்துத் தொகுதி கிடைத்தது. கடலூர் துறைமுகத்தில் இருந்த யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களின் நகல். அதில் எங்கள் கரை மீனவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. உச்சரிக்கத் தெரியாதவன் எழுதிய பெயர்கள்தான், ஆனாலும் எங்கள் ஆட்கள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் அட்டெண்டர் அக்கா. வடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். ஒப்பந்த வேலை அந்த வருடம் நிரந்தரமாகிவிடும் என்று காத்திருந்தார். சீட்டில் ஒரு பாதி தொகுதிக்குள்ளும் மறுபாதி அவருடைய தகரப் பெட்டியிலும் இருக்கும். தொகுதி திரும்பி வந்ததைப் பார்த்த பிறகே இரண்டையும் சேர்த்துக் கிழிக்க வேண்டும் என்பது விதி. என்னிடம் மட்டும் அக்கா அதைத் தளர்த்தியிருந்தார். சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், "வச்சிட்டீங்களா தம்பி?" என்பார். "வச்சிட்டேன்க்கா" என்பேன். போய்ப் பார்க்காமலே தன் பாதியைக் கிழித்துவிடுவார்.

துறைமுகங்களைப் பற்றி ஆய்வு செய்யும் இன்னொருவர் ஒருநாள் வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஆட்களின் பெயர்களை அவர் முதலில் அச்சேற்றிவிடுவாரோ என்று பயம். ஆய்வு மாணவர்கள் பலரும் செய்கிற திருட்டுத்தனத்தை நானும் செய்தேன். தொகுதியை அதன் இடத்தில் வைக்காமல், யாரும் தொடாத வேளாண்மை அறிக்கைகளுக்குப் பின்னால் செருகினேன். "வச்சிட்டேன்க்கா" என்றேன். அக்கா கிழித்தார்.

மறுநாள் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்குப் போனவன் மூன்று வாரம் கழித்துத்தான் திரும்பினேன். அதற்குள் கரையான் மருந்து அடிக்க அலமாரிகளை நகர்த்தி, வேளாண்மை அறிக்கைகளை மூட்டையாகக் கட்டிக் கீழே ஓர் அறையில் போட்டுப் பூட்டியிருந்தார்கள். அந்த மாதமே இருப்புச் சரிபார்ப்பு. ஒரு தொகுதி குறைகிறது என்று தெரிந்துவிட்டது.

அக்கா மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறி ஏறித் தேடினார். "எங்க போயிடும், அதுக்கென்னா காலா மொளச்சிருக்கு? நீங்க கவலப்படாதீங்க தம்பி" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். தொகுதி எங்கே கிடக்கிறது என்று தெரிந்துகொண்டே நானும் அவரோடு தேடுவதாக நடித்தேன். அறையைத் திறக்கச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் என் நூலக அனுமதி அட்டை போகும், ஆய்வுப் பதிவு போகும், அப்பாவுக்கு முன்னால் போய் நிற்க முகம் இருக்காது. தினமும் வாயைத் திறந்தேன், மூடினேன். பூட்டிய அந்தக் கதவருகே போய் வெறுமனே நின்றுவிட்டு வருவேன். அவ்வளவு கோழை நான்.

கடைசியில் நூலக அதிகாரி என் முன்னாலேயே அக்காவிடம் கேட்டார். "கடைசியா யார் வாங்குனது?"

"இந்தத் தம்பிதான் சார். ஆனா அவரு வச்சிட்டாரு. நான்தானே சீட்டக் கிழிச்சேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறு மாதம் அக்காவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அந்தப் பெயர்கள் இல்லாமலே என் ஆய்வேடு முடிந்தது. கடலூரில் ஒரு கல்லூரியில் வேலையும் கிடைத்தது.

2012-இல் அந்த அறையைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மூன்றாவது மூட்டையில் தொகுதி இருந்தது, உள்ளே என் பாதிச் சீட்டும் இருந்தது. அதிகாரியிடம் நடந்ததைச் சொல்லித் தொகுதியை ஒப்படைத்துவிட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு வடலூருக்கு பஸ் ஏறினேன்.

அக்கா ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். "கெடச்சிடுச்சா தம்பி! நான் தொலைக்கலன்னு சொன்னப்போ ஒருத்தரும் நம்பலியே" என்று முகம் மலர்ந்தார். "எங்க இருந்துச்சி?" என்றார். சொன்னேன். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது.

"கிழிச்சிடுங்கக்கா" என்றேன்.

"பாக்காம கிழிச்சதுல போனது போதும் தம்பி. இத நீங்களே வச்சிக்குங்க." என் கையில் திணித்துவிட்டு, காத்திருந்த ஒருவருக்குப் புடவை எடுத்துக் காட்டப் போய்விட்டார்.

இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் சீட்டு கையில் படுகிறது. நான் அதைக் கிழிக்கவில்லை. கிழிப்பது அக்கா பார்த்த வேலை.