சனிக்கிழமை வாங்கியது, ஞாயிற்றுக்கிழமை போனது

வெயிலில் சூடேறிய பழைய கிராமபோன் தட்டுக்கு ஒரு மணம் உண்டு. முத்திரை வைக்க உருக்கும் அரக்கும், யாரோ வீட்டுப் பெட்டியில் கிடந்த பாச்சை உருண்டையும் கலந்தது போல இருக்கும். அந்த மணம் வந்தால் மற்றவர்களுக்குப் பாட்டு நினைவுக்கு வரலாம். எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. டத்தோ கிராமட் சாலையில் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை தைப்பிங் ஊரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், அதற்கு முன் ஒரு சனிக்கிழமையாவது இஷ்டத்துக்குச் சுற்றிவிட்டு வருகிறோம் என்று அம்மாவிடம் அடம்பிடித்து, தையல் வேலையில் அக்கா சேர்த்த காசை முந்தானையில் முடிந்துகொண்டு, இருவரும் டிராம் ஏறினோம்.

சூலியா தெருவில், கடைகளுக்கு முன்னால் நிழலாக ஓடும் ‘அஞ்சடி’ நடைபாதையில், நாங்கள் ‘நானா’ என்று அழைத்த தமிழ் முஸ்லிம் வியாபாரி கோணிச் சாக்கு விரித்துப் பழைய புத்தகங்களைக் குவித்து வைத்திருப்பார். அட்டை போனது, கடைசிப் பக்கம் போனது, யாரோ பென்சிலால் மீசை வரைந்த படங்கள் உள்ளது, எல்லாம் அங்கே கிடைக்கும். நான் குந்தி உட்கார்ந்து ஒரு கதையை எடுத்தேன். தலை நிமிர்ந்தபோது பாதிக் கதை முடிந்திருந்தது.

“வாங்கிட்டுப் படிக்கிறதா, படிச்சிட்டு வாங்கிறதா, தங்கச்சி? சொல்லிட்டா நான் கடைய மூடிட்டுச் சாப்பிடப் போவேன் லா” என்றார் நானா. அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரரே திரும்பிப் பார்த்தார். அந்தக் கதையையும் இன்னும் இரண்டு புத்தகங்களையும் வாங்கிக்கொண்டோம்.

அந்தப் பக்கத்துக் கடையில்தான் ‘பிளேட்டு’. பழைய தட்டுகளைச் சாய்த்து அடுக்கியிருந்ததில் அக்கா ஒன்றை உருவி, போட்டுக் காட்டச் சொன்னாள். ஒரு பெண் குரல், பெயர் தெரியாத குரல், சிந்துப் பாட்டு ஒன்றை இழுத்துப் பாடியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மறுபக்கத்தையும் போடச் சொன்னபோது, ஊசி தேயும், வீட்டில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

திரும்பும் வழியில், பசார் என்னும் சந்தையின் வாசலில் ஒரு மலாய்க்காரத் தாத்தாவிடம் ஒரு ஜோடி ‘மெர்போக்’ வாங்கினோம். உள்ளங்கைக்குள் அடங்கும் வரிப்புறா அது. ஒன்று கூவினால் மற்றது பதில் சொல்லும். ஜோடியைப் பிரித்துவிடாதே, வாயைத் திறக்காது என்று அவர் பலமுறை சொல்லித்தான் மூங்கில் கூண்டை என் கையில் கொடுத்தார். டிராமில் நான் கூண்டை மடியில் வைத்திருந்தேன். அக்கா பிளேட்டை மார்போடு அணைத்திருந்தாள். வீடு வரும்வரை அந்த ஒரு பக்கத்துப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அம்மா பிளேட்டைத் தொட விடவில்லை; விருந்தாளிகள் வரும்போது புதிதாக இருக்க வேண்டுமாம். அவர்கள் போன பிறகு மறுபக்கத்தைக் கேட்டுக்கொள்ளலாம் என்று அக்கா பொறுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி, ஏழெட்டு வயசுப் பையன், வந்ததிலிருந்து கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கூண்டுக்குள் விரலை விட்டான், குச்சியை விட்டான், பிறகு தன் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தான்.

அப்பா எழுந்தார். அவர் எழுந்த விதத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. “பிடிச்சிருந்தா எடுத்துக்க தம்பி. நம்ம வீட்டுது, உங்க வீட்டுதுன்னு என்ன இருக்கு?”

மாப்பிள்ளையின் அம்மா பதறியது போலக் கையை ஆட்டினார். “ஐயோ, ஜோடியா வேணாங்க. ஒன்னு போதும். எங்களுக்கு அவ்வளவு ஆசையெல்லாம் கெடையாது.”

ஒன்று போதுமாம். ஆனால் கூண்டு இல்லாமல் தைப்பிங்வரை எப்படிக் கொண்டு போவது? கூண்டும் போயிற்று. மிஞ்சிய புறாவை அம்மா கூடையைக் கவிழ்த்து மூடினார். ஜோடியைப் பிரித்தால் அது கூவாது என்று நான் உரக்கச் சொன்னேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே, “சின்னது நல்லா வாய் பேசுது. படிக்குதோ?” என்றார்.

பிறகு அப்பா கிராமபோனைச் சாவி கொடுத்து அக்காவின் பிளேட்டைப் போட்டார். மாப்பிள்ளையின் அப்பா தொடையில் தாளம் போட்டார். நல்ல குரல் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் அப்பா தட்டை எடுத்து, துடைத்து, உறையில் போட்டு நீட்டிவிட்டார். அதே வார்த்தை, அதே சிரிப்பு. வெற்றிலை மடித்துக்கொண்டே மாப்பிள்ளையின் அப்பா, “அப்ப பொண்ண எந்த மாசம் அனுப்புறீங்க?” என்று கேட்டபோதும் அப்பா அதையேதான் சொன்னார்: “நம்ம வீட்டுது, உங்க வீட்டுதுன்னு என்ன இருக்கு?”

என் புத்தகங்களை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவை ஒரு பொருளாகவே அவர்கள் கண்ணில் படவில்லை.

அவர்கள் போன பிறகு அக்கா காப்பி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். “மறுபக்கத்த நான் கேக்கவே இல்லடி” என்றாள்.

கூடைக்குள் இருந்த புறா வாயைத் திறக்கவில்லை. ஒரு காலையில் கூடையைத் தூக்கிவிட்டேன். எதிர்வீட்டு ஓட்டில் போய் உட்கார்ந்தது, அங்கேயும் கூவவில்லை.

இப்போது டத்தோ கிராமட் சாலையில் டிராம் இல்லை. தலைக்குமேல் மின்சாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் ஓடுகிறது. நானாவின் சாக்கு விரித்த இடத்தில் ரேடியோ விற்கிறார்கள். அந்தப் புத்தகங்கள் என்னை ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாராக்கிவிட்டன. அப்பா மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தன் தாராள மனசுக்குச் சாட்சியாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் அக்கா வந்தாள். அவள் வாழ்க்கைப்பட்ட அந்த வீட்டில் கிராமபோன் ஆண்கள் உட்காரும் முன்னறையில் இருக்கிறது. மருமகள் தொட வழியில்லை. புறாவைக் கொண்டுபோன பையன் இப்போது பிளேட்டைக் கீழே போட்டு விரிசல் விட்டிருக்கிறான். உடைஞ்சதுதானே, வேணும்னா எடுத்துட்டுப் போ என்று மாமியார் கொடுத்தாராம். நாங்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு மறுபக்கத்தைப் போட்டோம். ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’ என்று ஊசி தடுக்கி, அந்தக் குரல் விழுந்து விழுந்து எழுந்து பாடியது. அக்கா கண்ணை மூடவில்லை. தட்டு சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அதை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். வீட்டில் வேறு நல்ல பிளேட்டுகள் இருக்கின்றன. நான் இதைத்தான் போடப் போகிறேன், டக் டக்கென்று, கடைசிவரை. அப்பா அப்போதும் எழுந்து, எடுத்துக்குங்க என்று சொல்லிப் பார்க்கட்டும்.