பதினேழாம் தறி நிற்காமல் ஓடிய பதினோரு நாள்

பிரவீனாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. சந்தோஷம் வந்தால் யாரிடமும் சொல்லிக்கொண்டு திரிய மாட்டாள். தேங்காய் பன் வாங்கித் தின்பாள். அந்த வெள்ளிக்கிழமை குமாரபாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் இரண்டு பன் வாங்கினாள். ஒன்று தனக்கு, ஒன்று அம்மா முத்தாயம்மாளுக்கு. தோள்பையில் நான்கு பிரதிகள் கனத்தன. கருநீல அட்டை, தங்க எழுத்து, அவளுடைய பெயர். எம்.இ. இண்டஸ்ட்ரியல் ஆட்டோமேஷன் ஆய்வறிக்கை. செவ்வாய்க்கிழமை வாய்மொழித் தேர்வு. அதில் தேறிவிட்டால் இருபத்தொன்பது வயதில் படிப்பு முடிந்தது.

இருபத்தொன்பது வயது வரைக்கும் என்ன படிப்பு என்று கேட்காத ஆள் தெருவில் கிடையாது. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தாள். பெருந்துறையில் பேனல் போர்டு செய்யும் கம்பெனியில் நான்கு வருடம் ஒயர் முடுக்கினாள். அந்த வேலையில் இருந்துகொண்டே பி.இ. படித்தாள். நுழைவுத் தேர்வு எழுதி, உதவித்தொகையோடு திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் மேல்படிப்புக்குச் சேர்ந்தாள். வகுப்பில் மொத்தமே ஆறு பேர். நம் ஊரில் மேல்படிப்பு என்றால் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போடுகிற எழுத்து. அதைப் படிப்பதற்காகவே ஒருத்தி படிக்கிறாள் என்றால் நம்ப மாட்டார்கள். "அப்ப இத்தன நாளு படிச்சதெல்லாம் என்ன அம்மிணி?" என்று கேட்பார்கள். அவளும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அவள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது வேறெதுவும் இல்லை, அம்மா ஓட்டுகிற விசைத்தறிதான். தனபால் முதலாளியின் பட்டறையில் இருபத்து நான்கு தறிகள். முத்தாயம்மாள் பார்ப்பது நான்கு. அதில் பதினேழாம் நம்பர் தறியைப் பிரவீனா கேட்டு வாங்கியிருந்தாள். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவில் இரண்டாயிரத்துச் சொச்சம் இழை இருக்கும். ஒன்று அறுந்தாலும் துணியில் கோடு விழும், துணி தள்ளுபடி. அதனால் ஒவ்வொரு இழையிலும் மெல்லிய இரும்புத் தகடு ஒன்றைத் தொங்கவிட்டாள். இழை அறுந்தால் தகடு கீழே இருக்கும் சட்டத்தில் விழும், மின்சாரம் பாயும், தறி தானாக நின்றுவிடும். இது பெரிய மில்களில் எப்போதோ வந்த சங்கதி. அதற்கு மேலே சேர்த்ததுதான் அவளுடைய சொந்த யோசனை. பாவின் இழுவிசையைத் தறி தானே அளந்து, தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும்படி நிரல் எழுதியிருந்தாள். இழுவிசை சீராக இருந்தால் இழை அறுவதே குறைய வேண்டும். அது எவ்வளவு குறைகிறது என்பதுதான் ஆய்வு.

முதல் வாரம் மானம் போனது. நிரலை ஓட்டாமல், வெறும் தகடுகளை மட்டும் வைத்துக் கணக்கெடுத்த வாரம் அது. ஒரு ஷிப்டுக்கு முப்பத்து நான்கு தடவை தறி நின்றது. நின்றபோதெல்லாம் சிவப்பு விளக்கு எரிந்து, ஹாரன் அலறியது. அடுத்த திங்கட்கிழமை பிரவீனா நிரலை ஏற்றி, எண்களைத் திருத்தி வைத்துவிட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமை எண்ணிக்கை நான்கு! அடுத்த நாள் மூன்று. பிறகு ஐந்து, மூன்று, மூன்று. பதினோரு நாள் அப்படியே. துணியிலும் ஒரு கோடு கிடையாது.

வழிகாட்டிப் பேராசிரியர் குணசீலன் சாதாரணமாகச் சிரிக்கிற ஆள் இல்லை. அந்த வரைபடத்தைப் பார்த்து, "ஏம்மா, இது ஆராய்ச்சிப் பத்திரிகைக்கே போகும்" என்றார். அன்றைக்கும் அவள் தேங்காய் பன் தின்றாள்.

அந்தப் பதினோரு நாளும் முத்தாயம்மாளுக்குக் கால் வீங்கிக் கிடந்தது. வேலை விட்டு வந்ததும் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். பிரவீனா தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே, "தறிதான் நிக்கறதே இல்லியே, செத்த உக்காரலாமில்ல?" என்று கேட்டாள். "உக்காந்தா மத்த மூணு தறிய யாரு பாக்கறது?" என்றாள் அம்மா. சரிதானே என்று மகளும் விட்டுவிட்டாள். இரண்டு வருடமாக அளவிடுவது எப்படி என்று படித்தவள், கைக்குள் இருந்த வீங்கிய காலை அளக்கவில்லை.

சனிக்கிழமை பகலில் மின்வாரியப் பராமரிப்பு. பட்டறை ஓய்ந்து கிடந்தது. தேர்வில் திரையில் காட்ட நல்ல படம் ஒன்று வேண்டுமென்று பிரவீனா கைப்பேசியோடு பதினேழாம் தறிக்குப் போனாள். அம்மா டீ வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். தகடுகளின் வரிசையைக் கீழிருந்து எடுக்கலாமென்று குனிந்து டார்ச் அடித்தாள்.

சட்டத்தின் மேல் பச்சையாக ஏதோ இருந்தது.

விரலை விட்டு இழுத்தாள். நான்கடி நீளத்துக்குத் துணிக் கிழிசல் வந்தது. கிளிப்பச்சை, ஓரத்தில் மஞ்சள் மாங்காய். அவள் டிப்ளமோ வாங்கிய நாளில் அம்மா கட்டிக்கொண்டு வந்த புடவை. நைந்துபோனதும் கிழித்து, சோற்றுச் சட்டி இறக்குகிற துணியாக அடுப்படியில் போட்டிருந்தார்கள். அதில் மிஞ்சியிருந்த கடைசித் துண்டு சட்டத்தின் நீளத்துக்கும் விரிக்கப்பட்டிருந்தது. தகடு விழுந்தாலும் துணியின் மேல்தான் விழும். துணியில் மின்சாரம் பாயாது. தறி நிற்காது. வலது ஓரத்தில் மட்டும் நாலு விரற்கடைக்குத் துணி எட்டவில்லை. தினமும் பதிவான அந்த மூன்றும் நான்கும் அங்கிருந்து வந்தவை. ஐயோ, எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!

முத்தாயம்மாள் டீத் தூக்கோடு வந்து நின்றாள். மகள் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"பாத்துப்போட்டியா கண்ணு?"

"எத்தன நாளாம்மா இது?"

"திங்கக்கெழம நீ வந்து என்னமோ தட்டிட்டுப் போனீல்ல, அதுக்கு மக்யா நாளு, செவ்வாக்கெழம காலைல இருந்து."

"ஏம்மா இப்பிடிப் பண்ணுன?"

"பின்ன என்ன பண்றது? எழ அறுந்தா அறுந்துட்டுப் போகுது, அதுக்குச் செகப்பு லைட்டப் போட்டு, ஊளையிட்டு, ஊரையே கூட்டுது. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. பக்கத்துத் தறி நல்லம்மா என்ன சொன்னாத் தெரியுமா? முத்தாயி, உன்ற மக மிசினுக்குச் சீக்கு வந்துருச்சு, மந்திரிச்சு உடுன்னா. மொதலாளி வேற, இன்னொரு வாரம் பாத்துட்டுக் கழட்டிருவேன்னு சொல்லிப்போட்டாரு. கழட்டிப்போட்டா உன்ற படிப்பு என்னாவறது சாமி?"

"அப்ப இழை அறுந்தா?"

"எனக்குக் கண்ணு இல்லியா? நின்னு பாத்துட்டே இருந்தேன். அறுந்தா நானே கைப்புடியத் தட்டி நிறுத்தி முடிஞ்சு உட்டேன். ஒரு எழ உட்டிருப்பனா, துணியப் போயிப் பாரு. உனக்குக் கெட்ட பேரு வரக் கூடாதில்ல?"

அவ்வளவுதான் விஷயம். கருநீல அட்டைக்குள் முப்பத்தெட்டாம் பக்கத்தில் பிரவீனாவின் நிரல் சாதித்ததாகப் போட்டிருந்ததெல்லாம் முத்தாயம்மாளின் இரண்டு கண்ணும் இரண்டு காலும். கையால் நிறுத்தினால் கணக்கில் ஏறாது. அப்படித்தான் பிரவீனா அமைத்திருந்தாள். அவள் கட்டிய கருவியின் ஓட்டைக்குள் அம்மா பதினோரு நாள் நின்றிருக்கிறாள்.

"கெடுத்துப்போட்டியேம்மா!" என்று கத்திவிட்டாள். ஓய்ந்து கிடந்த பட்டறை முழுக்க அது கேட்டது. நல்லம்மாள் கூட எட்டிப் பார்த்தாள். முத்தாயம்மாள் தூக்கைக் கீழே வைத்தாள். என்ன கெட்டுப்போனது என்று அவளுக்குப் புரியவில்லை. மகள் முகத்தைப் பார்த்ததில் பெரிதாக ஏதோ கெட்டுவிட்டது என்பது மட்டும் புரிந்தது. அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்தது. இருபத்து நான்கு தறிகளும் சேர்ந்து இரைய, அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் நான்கு தறிகளுக்கு ஓடினாள்.

பிரவீனா துணியைச் சட்டத்தில் திரும்ப வைக்கவில்லை. மின்சாரம் இல்லாத நேரத்தையும் ஈடுகட்டி ஓடிய அன்றைய ஷிப்டில் தறி இருபத்து மூன்று தடவை நின்றது.

முப்பத்து நான்கிலிருந்து இருபத்து மூன்று. பொய் இல்லாத எண். ஒரு ஏழைப்பட்ட எண்ணும்கூட. வீட்டில் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தாள். இழை அறுவது குறைந்தது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அறிக்கையில் எழுதியிருந்ததோ பத்தில் ஒன்பது பங்கு. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அட்டை போட்டாயிற்று, கையெழுத்து வாங்கியாயிற்று. தேர்வு நடத்த வருகிறவர் குமாரபாளையத்துப் பட்டறைக்கு வந்து குனிந்து பார்க்கவா போகிறார்? இப்படியும் நினைத்தாள். நினைக்கவில்லை என்று சொன்னால் அவளைச் சாமியார் ஆக்கியதாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குணசீலனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"சொன்னா இந்த ஜூன்ல டிகிரி கிடையாது. தெரியுமில்லம்மா?"

"தெரியுங்க சார்."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா யாருக்கும் தெரியாதுங்க சார். ஆனா அந்த நம்பர நம்பி நாளைக்கு யாராச்சும் நூறு தறிக்கு இத மாட்டுவாங்க. நூறு தறிக்கும் எங்கம்மா போய் நிக்க முடியாதுங்களே."

"சரி, சொல்லிரு. நான் பக்கத்துல இருப்பேன். காப்பாத்துவேன்னு மட்டும் நெனச்சுக்காத."

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சனிக்கிழமையிலிருந்து அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. முத்தாயம்மாள் வெறும் செய்தித்தாளை மடித்துப் பிடித்துச் சோற்றுச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். என்ன பண்ணுனா நீ துணி போட மாட்ட?"

முத்தாயம்மாள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "இனி எதுக்குப் போடறேன்? அதான் கெடுத்துப்போட்டேனே."

"கோவத்துல சொன்னதும்மா. நெசமாத்தான் கேக்கறேன், சொல்லு."

சட்டியை வைத்துவிட்டு அம்மா யோசித்தாள். "அந்தச் செகப்பு லைட்ட எடு கண்ணு. நின்னா ஏதோ தப்புப் பண்ணிப்போட்ட மாதிரி இருக்குது. அறுந்த எழயப் புடிச்சுக் குடுக்கற மிசினுதான அது? புடிச்சேன்னு சொல்லச் சொல்லு. ஏன் அழுவுது?"

பிரவீனா அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருடப் பாடத்தில் சென்சார் வந்தது, நிரல் வந்தது, பின்னூட்டக் கட்டுப்பாடு வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தால் தறி ஓட்டுகிற பொம்பளை ஏன் சுற்றுமுற்றும் பார்ப்பாள் என்று எந்தத் தாளிலும் வரவில்லை. திங்கட்கிழமை ஹாரனையும் சிவப்பு விளக்கையும் கழற்றினாள். அந்த இடத்தில் எண் காட்டும் சிறு பலகை ஒன்றை மாட்டி, "பிடித்த இழை" என்று ஒட்டினாள். நிரலிலும் ஒரு வரி சேர்த்தாள்: நாற்பது நிமிடத்துக்கு ஒரு தகடுகூட விழவில்லை என்றால், வந்து சட்டத்தைப் பார் என்று தறியே கேட்கும்.

செவ்வாய்க்கிழமை, சேலத்திலிருந்து வந்திருந்த பெண் தேர்வாளர் முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்து, "பிரமாதமா இருக்கே" என்று ஆரம்பித்தார். பிரவீனா மேஜை மேல் பச்சைத் துணியை வைத்தாள்.

"இது என்னம்மா?"

"அந்த வரைபடம் பிரமாதமா இருக்கறதுக்கு இதுதாங்க மேடம் காரணம்."

முழுதையும் சொன்னாள். புது எண்களைக் காட்டினாள், புதுப் பலகையின் படத்தைக் காட்டினாள். தேர்வாளர் துணியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"தறி ஓட்டுனது யாரு?"

"எங்கம்மாங்க மேடம்."

அவர் நெடுநேரம் குறிப்பெழுதினார். கடைசியில், அறிக்கை திருப்பி அனுப்பப்படுகிறது, புதிதாக ஒரு மாதம் ஓட்டி மறுபடி எழுத வேண்டும், தேர்வு அடுத்த பருவத்தில்தான் என்றார். எழுந்திருக்கும்போது, "இந்தத் துணிக்கும் ஒரு அத்தியாயம் எழுதும்மா. இது என்கிட்ட இருக்கட்டும், என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டணும்" என்று கைப்பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் பட்டறைக்குள் நுழைந்தபோது அம்மா பதினேழாம் தறியின் முன்னால் நின்றிருந்தாள். இரைச்சலில் காதோரம் குனிந்துதான் பேச வேண்டும்.

"பாஸாயிட்டியா?"

"இல்லம்மா. இன்னும் ஒரு மாசம் ஓட்டணும். அடுத்த பருவத்துலதான்."

முத்தாயம்மாளின் கை தறிக் கட்டையைப் பற்றிக்கொண்டது. "என்னாலதான?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் மூன்று நாளாகப் பொய் சொல்லாமலிருந்து பழகிவிட்டது. "ஆமாம்மா, உன்னாலதான்" என்றாள். சொல்லிவிட்டு அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள். இரண்டு பேருக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"அந்தத் துணியாச்சும் எடுத்துட்டு வந்தியா? சட்டி எறக்க ஒண்ணுமில்ல."

"அது காலேஜுல படிக்கப் போயிருச்சும்மா."

"என்ற பொடவையா?" என்று முத்தாயம்மாள் வாயைப் பிளந்த நேரம், தறி நின்றது. பலகையில் இருபத்தொன்று இருபத்திரண்டாக மாறியது. அவள் பழக்கத்தில் சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்துத் தறியிலிருந்து நல்லம்மாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முத்தாயம்மாள் முதுகை நிமிர்த்திக்கொண்டு பட்டறைக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

"நல்லம்மா, இருவத்திரெண்டு! என்ற மக மிசினு புடிச்சிருச்சு!"

பிறகு குனிந்து, அறுந்த இழையைத் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டாள்.