ஒரு பெட்டிக்குள் எட்டு சர்வர்

பிள்ளைப்பாக்கத்து ரஞ்சனி ஒரகடம் உதிரிபாக ஆலையில் ஆறு வருடமாகக் கணினிப் பிரிவைக் கட்டிக் காத்தவள். எட்டு சர்வர்களின் வேலையும் ஒரே பெட்டிக்குள் ஓடும்படி மாற்றியதும் அவள்தான்.

2010 ஆயுதபூஜைக்கு முதல் நாள், ஷிப்ட் ஓடும்போதே, மேலாளர் புருஷோத்தமன் அந்தப் பெட்டியைத் துடைத்துப் பொட்டு வைப்பதற்காக, யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் சுவிட்சை அணைத்தார். உற்பத்தி லைன் மொத்தமும் நின்றது.

"எட்டுல ஒண்ணுன்னு நெனச்சேம்மா. சிஸ்டம் கோளாறுன்னு நீ எழுதிக் குடுத்துடு. ஹெட் ஆபீஸ்ல கேக்குறாங்க."

ரஞ்சனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படி எழுதினால் அவள் வேலைதான் போகும்.

"எட்டும் இதுக்குள்ளதான் கீதுன்னு மீட்டிங்ல சொன்னப்ப கை மட்டும் தட்டத் தெரிஞ்சுதா சார்?"

பெட்டியோடு சேர்ந்து மெயிலும் செத்துக் கிடந்தது. சுவிட்சை அணைத்தவர் புருஷோத்தமன் என்று வெள்ளைத்தாளில் முதல் வரியிலேயே எழுதி, அவர் கண்ணெதிரே ஹெட் ஆபீஸுக்கு ஃபேக்ஸில் அனுப்பினாள்.