நானே எழுதிய எட்டுப் பதில்கள்

அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம்: சீன டாக்டர், அவருடைய கம்பவுண்டர், நான். நோயாளி இல்லை. நோயாளியான என் அக்கா பாக்கியம் கடலுக்கு அந்தப் பக்கம், ராஜபாளையத்துப் பஞ்சு அரவை மில்லில் பஞ்சு பிரித்துக்கொண்டிருந்தாள். பினாங்கில் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. இங்கே பாரம் என்கிற விவரத் தாளை நிரப்பிவிட்டால் போதும், சரக்கு கப்பலேறும், ஆளும் கப்பலேறும், வைத்தியமும் நடக்கும். நம் பக்கத்தில் கல்யாணத்துக்குக்கூட நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்தால்தான் அழைத்ததாகக் கணக்கு. இந்த வித்தியாசத்தை வந்த புதிதில் நாகரிகம் என்று வியந்தவன் நான். என்னைப் போலக் கடல் தாண்டிக் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, வேலை பார்க்கும் தம்பிமாரும், அவர்கள் அனுப்புவதை நம்பி வாங்கிக்கொள்ளும் ஊர்க்காரர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஊரிலிருந்து வந்த கடிதத்தில் இரண்டே செய்திகள் இருந்தன. அக்காவுக்கு ஓயாத அசதி. உடம்பும் கொஞ்சம் ஊதியிருக்கிறது. டாக்டர் நீட்டிய தாளிலோ பத்துக் கேள்விகள். குளிர் தாங்குமா, முடி உதிர்கிறதா, குரல் கம்முகிறதா, மலம் கட்டுகிறதா என்று போயிற்று. எங்கள் குடும்பத்தில் எழுதப் படித்த முதல் ஆள் நான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில், தெரியாவிட்டாலும் ஒரு கேள்வியையும் வெறுமையாக விடாதே என்று பழக்கியிருந்தார்கள். இரண்டுக்குக் கடிதத்தைப் பார்த்து எழுதினேன். மீதி எட்டுக்கும், இப்படித்தான் இருக்கும் என்று நானே எழுதினேன். உங்கள் அக்கா பேச்சில் எப்படி என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். குடும்ப மானம் கருதி, மிகவும் அடக்கமானவள், மெதுவாகத்தான் பேசுவாள் என்றேன். உண்மையில் அக்கா வாய் திறந்தால் மில் சங்கு தோற்கும். அவர் தலையை ஆட்டி, அதையும் நோயோடு சேர்த்துக் குறித்துக்கொண்டார்.

அவர் எழுதிக் கொடுத்தது, ஆட்டின் கழுத்துச் சுரப்பியை உலர்த்திச் செய்த தைராய்டு மாத்திரை. இரண்டு மாதத்துக்கு ஒரு புட்டி வீதம் தபாலில் அனுப்பினேன். அக்கா பம்பரமாகச் சுழல்கிறாள் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைக் கூட இருந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். ஏழாவது புட்டி முடிகிற சமயம் எனக்கு மூன்று மாத லீவு கிடைத்தது. எட்டாவதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஐப்பசியில் ஊர் வந்து சேர்ந்தேன்.

ராஜபாளையத்தில் வீட்டு வாசலில் நின்றவளை ஒரு கணம் வேறு யாரோ என்று நினைத்தேன். காறை எலும்பு துருத்தியிருந்தது. கண்கள் இமைக்க மறந்தவை போல விழித்தன. காப்பியை நீட்டியபோது டம்ளர் நடுங்கி என் கையில் சிந்தியது. அவள் மாமியாரான அத்தைக்கோ பெருமை தாங்கவில்லை.

"ஒன் மருந்து என்னமா வேல செய்யுது தம்பி. செத்த நேரம் உக்கார மாட்டேங்கா. ரெண்டாளு வேலய ஒருத்தியே பாக்கா."

அத்தை உள்ளே போனதும் அக்கா என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள். "பாருலே. உள்ள யாரோ அரவ மிஷின ஓட்டுதாவ."

மறுநாளே அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன். அங்கே டாக்டர் முதலில் அவள் கையைப் பிடித்தார். வெகுநேரம் விடவில்லை. பிறகு புட்டியை வாசித்தார். இந்த மருந்துக்கு முந்தி உடம்பு எப்படியிருந்தது என்று விசாரித்தார். பினாங்குத் தாளில் இருந்த அதே கேள்விகள்.

குளிர் தாங்குமா?

"மார்கழியிலயும் வெளியிலதான் படுப்பேன், ஐயா."

முடி கொட்டியதா?

"பின்னுனா ஒரு கையில அடங்காது."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டுக் கேள்விக்கும் எட்டுப் பதிலும் நான் எழுதியதற்கு நேர் எதிராக வந்தன. வத்திராயிருப்புக்குக் கதிரறுக்கப் போன இடத்தில் முதல் கடிதத்துக்குச் சற்று முன் காய்ச்சல் வந்து போயிருந்ததை அக்கா அப்போதுதான் சொன்னாள். அந்த அசதியும் வீக்கமும்தான் அது, நல்ல சோறும் இரண்டு மாத ஓய்வும் போதுமாயிருந்தது என்றார் டாக்டர். மாத்திரையை இனித் தொடக்கூடாது. "நீங்க கூலிக்கு ஆள் வச்சிட்டீங்க. உள்ள இருந்த வீட்டாளு வேலய விட்டுட்டுப் படுத்துட்டான். கூலியாள நிறுத்துன அன்னைக்கே அவன் எந்திரிக்க மாட்டான். அதுவரைக்கும் பொறுக்கணும்."

திரும்பும் பஸ்ஸில் நான் வாய் திறக்குமுன் அக்காவே கேட்டாள்.

"ஏலே, எனக்குக் குளிரு தாங்காதுன்னு நீதான எழுதிக் குடுத்த?"

ஆமாம் என்றேன். கடிதம் எழுதிக் கேட்டால் போகப் பத்து நாள், வரப் பத்து நாள் என்றேன்.

"இருவது நாள்ல நான் எங்கலே ஓடிப்போயிருவேன்? தெரியலன்னு சொல்லக் கூடாதுன்னா பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாவ?"

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மாத்திரையை நிறுத்திய மூன்றாம் வாரம் நெஞ்சுப் படபடப்பு அடங்கியது. அதற்குப் பின்தான் வினை. நான் எழுதிய பொய்ப் பதில்கள் ஒவ்வொன்றாக அவள் உடம்பில் மெய்யாகத் தொடங்கின. உச்சி வெயிலில் போர்வை கேட்டாள். சீப்போடு முடி வந்தது. முகம் ஊதியது. அந்தச் சங்குக் குரல் கம்மிப்போய், ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்குமுன் தூங்கிவிட்டாள். மில்லுக்குப் போகவில்லை. அப்படியானால் நான் எழுதியதுதான் சரியோ, கைபிடித்துப் பார்த்தவர் சொன்னது தவறோ? தனியாகப் போய் டாக்டரிடம் கேட்டேன். பொறுக்கச் சொன்னேனே என்று மட்டும் சொன்னார்.

பெட்டியில் எட்டாவது புட்டி இருப்பது அத்தைக்குத் தெரியும். கொண்டுவந்த மருந்தைப் பூட்டி வைத்துக்கொண்டு கூடப்பிறந்தவளைச் சாகவிடுகிறான் என்று தெருவில் சொன்னாள். அத்தான் என்னோடு சாப்பிட உட்காருவதை நிறுத்திக்கொண்டார். கடைசியில் அக்காவே கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு குடுலே. எந்திரிச்சு நடமாடிக்கிடுதேன்."

படிக்கிற காலத்தில் என் பள்ளிக்கூடச் சம்பளம் அவள் கூலியிலிருந்துதான் போயிற்று. அவள் கேட்டு நான் மறுத்தது அதுதான் முதல் தடவை. சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு, குடுத்தா அவன் எந்திரிக்கவே மாட்டான் அக்கா என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த முதுகைப் பார்த்தபடியே மார்கழி போயிற்று. தையில் லீவு முடிந்தது. புட்டியை அந்த வீட்டில் விட்டுவரப் பயந்து, திரும்பவும் கப்பலேற்றிக் கொண்டுவந்தேன்.

வந்ததும் முதல் வேலையாக அந்தப் பத்துக் கேள்விகளையும் தமிழில் எழுதி அவளுக்கு அனுப்பினேன். கடைசியாக இருந்ததை எடுத்துவிட்டு, பழையபடி ஆகிவிட்டாயா என்று மாற்றியிருந்தேன். பதில் வருமட்டும் தபால்காரன் சைக்கிள் மணி கேட்டாலே என் நெஞ்சும் அரவை மிஷினாயிற்று. பங்குனிக் கடைசியில், அத்தான் யாரையோ பிடித்து எழுதுவித்த பதில் வந்தது. போர்வையை மடித்துப் பரணில் போட்டாயிற்று. முடி கொட்டுவது நின்றுவிட்டது. மறுபடி மில்லுக்குப் போகத் தொடங்கி ஒரு வாரமாகிறது. அங்கே சத்தம் போட்டதற்கு மேஸ்திரியிடம் ஏச்சும் வாங்கியாயிற்று. இப்படியே ஒன்பது. பத்தாவதுக்கு அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தார்கள்: "எனக்குத் தெரியல. தெரியலன்னே எழுதச் சொல்லிட்டேன்."

அந்தப் புட்டி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. ஒட்டியிருக்கும் சீட்டில் அக்கா பெயர், அதன் கீழ் என் பினாங்கு விலாசம். அந்த விலாசத்தில் அவள் ஒரு நாளும் இருந்ததில்லை. அந்தப் பெயருக்குரியவள் இருக்கிற இடத்தில், வேண்டிய நாளில் நான் இருந்ததில்லை.

எட்டுப் புட்டிக்குப் பினாங்குக் காசில் வெள்ளி இருபது. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டருக்கு இரண்டு ரூபாய். அக்காவுக்குப் போனது பத்தொன்பது மாதம்.