அச்சாறு நோட்டீசும் அம்மன் காட்டிய எதிரியும்

அம்மனிடம் நான் வைத்த முதல் வேண்டுதலே கேவலமானது. அதை மறைத்துவிட்டு இந்த அனுபவத்தை எழுதினால் அவளுக்கே சிரிப்பு வரும். "தாயே, எங்கள் வியாபாரத்தைக் கெடுப்பது யாரென்று காட்டிக்கொடு" என்று கேட்டேன். கேட்டதோடு நிற்கவில்லை. அவளுக்கு வேலை சுலபமாகட்டும் என்று பக்கத்து வீட்டுப் புஷ்பாக்காவின் பெயரையும் சொல்லிவிட்டு வந்தேன். ஐம்பது வயது தாண்டியவன், நாலு புத்தகம் படித்தவன் செய்கிற வேலையா இது? செய்தேன்.

மாத்தளை டவுனில் நான் வேலை பார்த்த புத்தகக் கடையைப் போன வருடம் மூடினார்கள். விற்க வைத்ததையெல்லாம் நானே படித்துக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று முதலாளி சொன்னதாகக் கேள்வி. வீட்டில் மகள் ஏ.எல். படிக்கிறாள். என் மனைவி தனலட்சுமி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவெடுத்து, பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டாள். அவள் போன வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அழுதேன். அழுகைக்கு அவள் மசியவில்லை. கடைசியில் ஒரு தவணை கொடுத்தாள்.

"என் சாதிக்காய் அச்சாறு நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்கதானே? தைப்பொங்கல் வரைக்கும் வித்துப் பாப்போம். ஓடலன்னா நான் பிளேன் ஏறுறேன். நீங்க புஸ்தகம் படிச்சிக்கிட்டு மகளப் பாத்துக்கங்க."

அலுவிகாரையில் எங்கள் வீட்டுக் குசினி அடுப்பிலேயே ஊறுகாய்த் தொழில் தொடங்கியது. ஆரம்பம் மோசமில்லை. அக்கம்பக்கத்தில் வாங்கினார்கள். நாவுல பஸ் நிலையத்துக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருக்கும் சிங்கள முதலாளி ஒருவர் வாராவாரம் போத்தல்களை எடுத்துக்கொண்டார். இதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். விளம்பரம் இல்லாமல் வியாபாரம் வளராது என்று எங்கோ படித்திருந்தேன்.

கலரில் அடித்தால் கட்டாது என்று கறுப்பு மையில் நோட்டீஸ் அடித்தேன். புதிதாகப் படம் எடுப்பானேன் என்று தனத்தின் பாஸ்போர்ட் படத்தையே நடுவில் வைத்தேன். அச்சகக்காரரிடம் தயாராக இருந்த மாதிரிகளில், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிகிற ஒன்று மங்களகரமாகத் தெரிந்தது. வாசகம் முழுக்க நான் எழுதியது. அச்சகக்காரர் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் பாதிக் காசுதான் கேட்டார். என் பேரம் பேசும் திறமை என்று நினைத்துக்கொண்டேன். கோதுமை மாவில் பசை காய்ச்சி, அலுவிகாரையிலிருந்து நாவுல வரைக்கும் பஸ் ஹோல்ட் பஸ் ஹோல்ட்டாக இறங்கி ஏறி, நானே ஒட்டினேன்.

அந்த வாரமே வியாபாரம் படுத்தது.

முதலில் தொலைபேசி. நோட்டீசில் தனத்தின் நம்பரைப் போட்டிருந்தேன். அழைப்பு வரும். "ஹலோ, தனலட்சுமி பேசுறேன்" என்பாள். எதிர்ப்பக்கம் ஒரு மூச்சு இழுக்கிற சத்தம். பிறகு வெட்டிவிடுவார்கள். ஒன்றிரண்டல்ல, வருகிற அழைப்பெல்லாம் இப்படி. யாரோ ஆள் வைத்துச் செய்கிறார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அடுத்தது நாவுல முதலாளி. போத்தல்களோடு போனபோது கடை வாசலில் வெள்ளைக்கொடி தொங்கியது. அவர் வீட்டில் யாருக்கோ ஆகாததாகிவிட்டது என்று நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்தயா, இப்ப போத்தல் வேணாம். ஊட்டுக்குப் போங்க. ரெஸ்ட் எடுங்க."

ஒரு பிளேன்டீயும் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார். காசு வாங்காத முதலாளியை நான் அதுவரை கண்டதில்லை. இவரையும் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று முடிவு செய்தேன்.

யார் என்ற கேள்விக்கு விடையும் கிடைத்தது. அலுவிகாரை பஸ் ஹோல்ட்டில் புஷ்பாக்கா என் நோட்டீசை நகத்தால் சுரண்டிக் கிழித்துக்கொண்டிருந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். என்னைக் கண்டதும் துண்டுகளை முந்தானையில் ஒளித்துக்கொண்டு, "வெயிலா இருக்கே தம்பி" என்றார். மழை தூறிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து நான் துப்பறிவாளன். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, புஷ்பாக்கா வீட்டுக்கு யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று பார்த்தேன். அவர் மிளகாய் இடித்தால் போட்டி வியாபாரம், இடிக்காவிட்டால் சூழ்ச்சி. வாசலில் பூசணிக்காய் கட்டினேன். தேசிக்காய் மந்திரித்து வந்து மூலைக்கு மூலை வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒன்றையும் காணோம். அதையும் புஷ்பாக்கா கணக்கில்தான் எழுதினேன்.

"நான்தான் எடுத்து ஊறுகாய் போட்டேன்" என்றாள் தனம். "நல்ல சாறுள்ள காய். எங்க வாங்கினீங்க?"

நான் முதலில் சொன்ன வேண்டுதல் இந்த நாட்களில்தான் நடந்தது. வெள்ளிக்கு வெள்ளி அம்மன் முன்னால் நின்று, எதிரியின் பெயரை நினைவூட்டிவிட்டு வருவேன். ஒன்றும் நடக்கவில்லை. அம்மனும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டாளோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். மன்னிக்க வேண்டும்.

மார்கழி முடியப்போகிற ஒரு வெள்ளிக்கிழமை காலையில், குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் அழைத்தார். திங்கட்கிழமை மெடிக்கலுக்குக் கொழும்பு வரவேண்டும். தனம் "சரி" என்று மட்டும் சொன்னாள். பிறகு மகளின் யூனிஃபோர்மை அயர்ன் பண்ணினாள். அது ஏற்கெனவே அயர்ன் பண்ணியிருந்தது. மறுபடியும் அதையே தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னால் பார்க்க முடியவில்லை.

மத்தியானப் பூசைக்குப் போனேன். திரை விலகியபோது இவ்வளவுதான் சொன்னேன்: "தாயே, பெயரெல்லாம் வேண்டாம். கெடுத்தது யாராயிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். இவள் மட்டும் என்னை விட்டுப் போகக்கூடாது." சொல்லும்போதே கண்ணீர் வந்தது. வெட்கமாக இருந்தது. பக்கத்தில் நின்றவர் கண்ணில் திருநீறு விழுந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. நாவுல முதலாளியும் அவர் மனைவியும் இறங்கினார்கள். இருவரும் வெள்ளை உடுப்பு. கையில் சீனி, பிஸ்கட், தேயிலை. சத்தம் கேட்டு, கையெல்லாம் மிளகாய்ச் சிவப்போடு தனம் வெளியே வந்தாள்.

முதலாளியின் மனைவி போட்ட அலறலில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து புஷ்பாக்காவும் ஓடிவந்தார்.

"என்ன, யாருக்கு என்ன?" என்றாள் தனம்.

முதலாளி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். என் நோட்டீஸ். "எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது மாத்தயா. படத்தப் பாத்தேன், வெளக்கப் பாத்தேன். நோனா நல்ல மனுசின்னு கடையில கொடியும் கட்டினேன். போன் எடுத்தா செத்த நோனாவே பேசுது. பயந்து வச்சிட்டேன். ஊட்டுக்கு வர இன்னிக்குத்தான் தைரியம் வந்துச்சு."

தமிழ் படிக்கத் தெரிந்த நான் அதை வாங்கி, முதன்முறையாகப் படித்தேன். கறுப்புக் கரைக்குள்ளே, இரண்டு விளக்குக்கு நடுவே, சிரிக்காத தனம். மேலே "திருமதி தனலட்சுமி". கீழே நான் மூன்று நாள் யோசித்து எழுதிய வாசகம்: "மாத்தளையைப் பிறப்பிடமாகவும் அலுவிகாரையை வசிப்பிடமாகவும் கொண்ட அன்னாரின் கைமணம் என்றும் நம் நெஞ்சை விட்டு நீங்காது. உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் வருக. தகவல்: கணவர்." அச்சாறு என்ற சொல் அடியில், எறும்பு அளவில் இருந்தது. என் வாசகத்துக்கே இடம் போதவில்லை.

"புஷ்பாக்கா, உங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்றேன்.

"தெருவுக்கே தெரியும். தாலி கட்டின பொம்பள உசிரோட இருக்கையில அத வாயால சொல்லலாமா தம்பி? சொன்னா பலிச்சிரும்னு எல்லாரும் பொத்திக்கிட்டு இருந்தோம். செத்த வீட்டுச் சாப்பாடு மாதிரி மனசுக்குப் படுதுன்னு வாங்கவும் இல்ல. நான் போற வழியிலெல்லாம் கிழிச்சிக்கிட்டே வந்தேன். நல்ல பசைதான் காய்ச்சியிருக்கீங்க, நகமே போச்சு."

தனம் நோட்டீசை வாங்கிக் கடைசிவரை படித்தாள். மடித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வந்தவர்களைப் பார்த்து, "அழுதுட்டு வந்திருப்பீங்க. சாப்பிட்டுப் போங்க" என்றாள்.

சாப்பிட்டார்கள். அச்சாறை இரண்டு தரம் கேட்டு வாங்கினார்கள். வீட்டிலிருந்த போத்தல் எல்லாம் அந்த வேனில் ஏறியது. அதன்பிறகு நடந்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. செத்த நோனா எழும்பி வந்து அச்சாறு பரிமாறிய கதையை முதலாளி கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். பஸ்ஸில் ஏறியவர்கள் கதையையும் போத்தலையும் பல்லேகம வரை கொண்டுபோனார்கள். காசில்லாமல் நடந்த விளம்பரம் அதுதான். திங்கட்கிழமை கொழும்புக்கு யாரும் போகவில்லை. பாஸ்போர்ட் அலுமாரியில், பூச்சி உருண்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பொங்கலன்று தனம் பானைக்குப் பக்கத்தில் நின்று என்னைத் திட்டினாள். அந்தத் திட்டு என் காதுக்கு மணி ஓசை மாதிரி இருந்தது.

அடியார்களே, அம்மன் என் இரண்டு வேண்டுதலையும் நிறைவேற்றினாள். எதிரியைக் காட்டு என்றேன், காட்டினாள். அவன் என் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தான். இவள் போகக்கூடாது என்றேன், நிறுத்தினாள். இப்போது யார் மேலாவது சந்தேகம் வந்தால், முதலில் நான் ஒட்டியதை ஒரு தரம் படித்துப் பார்க்கிறேன். புஷ்பாக்காவிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வார். உங்களுக்கும் கஷ்டம் வந்தால் அவளிடம் போய் நில்லுங்கள், கேளுங்கள். பெயர் குறிப்பிடாமல் கேளுங்கள். அவளுக்கு விலாசம் தெரியும்.

இதையெல்லாம் போன வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் சொல்லி முடித்தபோது, எல்லாரும் கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். என் பக்தி அவரை உருக்கிவிட்டது என்று நினைத்தேன்.

"ஐயா, எங்க மாமா செத்து அடுத்த கிழமை முப்பத்தோராம் நாள் வருது. அதே மாதிரி நோட்டீஸ் ஒண்ணு எழுதித் தருவீங்களா?"