பகல் வெளிச்சத்தில் ஒரு ஊர்

யாங்கோன் நகரத்து லான்மடாவில் தையற்காரர்களுக்கு நூல் தீர்ந்துபோனால் ரேவதியின் கடையைத்தான் தேடி வருவார்கள். பர்மியர்களுக்கு அவள் மா ரேவதி, தமிழர்களுக்கு ரேவதியக்கா. கடை எட்டடி அகலம். கூரை வரைக்கும் நூல்கண்டு, பொத்தான் டப்பா, ஜிப், லேஸ். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனால் சிவப்பில் மட்டும் நாற்பத்தொரு வகை இருப்பதும், அதில் எது எந்த வரிசையில் இருக்கிறது என்பதும் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

வியாபாரத்தில் அவளுக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்த்து நூல் கொடுக்க மாட்டாள். துணியையும் நூலையும் எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்துவிடுவாள். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு வருவாள். அடுத்தது, ஒரே ஒரு கண்டைக் காட்டி விற்க மாட்டாள். இரண்டைத் துணிமேல் வைத்து, இரண்டையும் பார்க்கவைத்து, அப்புறம்தான் காசு வாங்குவாள். அவசரமாக வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் அவளிடம் வாங்கிய நூலை நிறம் சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தவர் இதுவரை ஒருவரும் இல்லை.

தங்கை சுனிதா அவளைவிடப் பதினான்கு வயது இளையவள். அப்பாவும் அம்மாவும் த்வாண்டேயில் நெல் வயலைப் பார்த்துக்கொண்டார்கள். சுனிதா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்து அக்காவோடு கடைக்கு மேல்மாடியில் வளர்ந்தாள். பாடம் சொல்லித்தர அக்காவுக்குத் தெரியாது. ஆனால் பென்சிலைச் சீவி வைப்பாள், நோட்டுக்கு அட்டை போடுவாள், கரண்ட் எப்போது போகும் என்று விசாரித்து பேட்டரி விளக்கைத் தயாராக வைப்பாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் படகில் ஆற்றைக் கடந்து தலாவுக்குப் போய் அங்கிருந்து த்வாண்டேக்கு பஸ் பிடிப்பார்கள். சின்ன வயதில் சுனிதா ஒருமுறை படகைவிட்டு இறங்காமல் மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டே இக்கரைக்கும் அக்கரைக்கும் மூன்று தடவை போய் வந்துவிட்டாள். அக்கா துறை முழுக்கத் தேடி அலைந்தாள். கிடைத்ததும் முதுகில் ஒன்று வைத்தாள். சுனிதா அழவில்லை. "அக்கா, இன்னொரு தடவ போலாமா?" என்றுதான் கேட்டாள்.

அந்தச் சுனிதாவுக்கு இந்த வருஷம் பிரிட்டனில் இரண்டு பல்கலைக்கழகங்கள் இடம் கொடுத்திருந்தன. பாலமும் சாலையும் கட்டும் பொறியியல் படிப்பு. ஒன்று லண்டனில், மற்றது நியூகாசலில். இரண்டுமே கட்டணத்தில் பாதியை விட்டுக்கொடுத்தன. மீதிக் கட்டணத்துக்கும் மூன்று வருஷம் தங்கிச் சாப்பிடுவதற்கும் அக்காவின் சேமிப்பு, அப்பா விற்ற ஒரு துண்டு வயல், தாய்மாமன் சுப்பிரமணியம் கொடுத்த வாக்கு. அதற்கு மேல் எங்கேயும் கை நீட்ட வழியில்லை. எந்த ஊர் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லி முன்பணம் கட்டவேண்டும். கட்டிய பணம் திரும்ப வராது.

மாமாவுக்கு மிங்கலாடோனில் மோட்டார் உதிரிபாகக் கடை. சிங்கப்பூரில் இருக்கும் அவர் மகன்தான் முன்பணத்தை அனுப்புவதாக ஏற்பாடு. ஊர் எது என்பதில் மாமாவுக்குச் சந்தேகமே இல்லை.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? மருமக லண்டன்ல படிக்கிறான்னு சொன்னா டீக்கடையில எழுந்திரிச்சு எடம் குடுப்பான். நியூகாசல்னா? அது என்ன, சோப்பா?"

"ஊர் மாமா" என்றாள் சுனிதா.

"நீ சொன்னாத்தான் தெரியுது."

ரேவதி சிரித்தாள். ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டு, இரண்டு ஊருக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கினாள். அரிசி விலை, பஸ் கட்டணம், குளிர்க் கோட்டு என்று ஒவ்வொன்றாகச் சுனிதாவைக் கேட்டு எழுதினாள். அறை வாடகையை மட்டும், சுனிதா வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில், போன் திரையைப் பார்த்து அவளே எழுதிக்கொண்டாள். ஆங்கிலம் வாசிக்க வராது. எண் வாசிக்க யார் துணையும் வேண்டாம். லண்டனில் இருநூற்று நாற்பது பவுண்டு. நியூகாசலில் நூற்றுப் பத்து. யாங்கோனில் வாடகையை மாதக் கணக்கில்தான் பேசுவார்கள். வாங்கும்போது ஆறு மாதமோ ஒரு வருஷமோ மொத்தமாகக் கறந்துவிடுவார்கள். அதனால் கையோடு பன்னிரண்டால் பெருக்கி வருஷக் கணக்கும் போட்டுவிட்டாள். லண்டன் இரண்டு மடங்குக்கு மேல்தான். ஆனாலும் வயிற்றைக் கட்டினால் சமாளிக்கலாம் என்று தெரிந்தது.

லண்டனைப் பகல் வெளிச்சத்திலும் பார்த்தாயிற்று. மாமாவின் நண்பர் மகன் ஷாநவாஸ் அங்கே வேலை செய்கிறான். போனைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து காட்டினான். ஆறு, பெரிய பாலம், சிவப்பு பஸ், பூங்கா. சுனிதா வாய் பிளந்து பார்த்தாள். "உன் ரூமைக் காட்டு தம்பி" என்று ரேவதி கேட்டதற்கு மட்டும், "அலங்கோலமாக் கெடக்குக்கா, இன்னொரு நாள்" என்று நழுவிவிட்டான்.

"லண்டன்னே வச்சுக்கலாம் மாமா. வெள்ளிக்கிழமை காலைல அனுப்பச் சொல்லுங்க" என்று ரேவதி சொன்னாள். "ஆனா அதுக்கு முன்னாடி அந்த இன்னொரு ஊரையும் ஒரு தடவ பாத்துடணும்."

"முடிவு பண்ணப்புறம் எதுக்கு?"

"ஒண்ணை மட்டும் காட்டி நான் நூலே விக்கறதில்ல."

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு, அங்கே காலை பத்து மணி, நியூகாசலிலிருந்து ஸமீரா கூப்பிட்டாள். நாலு கடை தள்ளிக் குடை விற்கும் ஜமால் பாயின் மகள். அங்கே இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வேடிக்கை பார்க்க மாமாவும் வந்து முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, தெரியுதா? சத்தம் கேக்குதா? காத்து அடிக்குது, தலைமுக்காடு நிக்க மாட்டேங்குது."

"தெரியுதும்மா. மெதுவா நட. எனக்குத் தலை சுத்தும்."

பல்கலைக்கழக வாசலிலிருந்து ஸமீரா நடந்தாள். கூரை போட்ட ஒரு பழைய சந்தைக்குள் புகுந்து காய்கறிக் கடை முன்னால் நின்றாள்.

"பச்சை மிளகாய் இருக்கா?"

"இருக்குக்கா. ஆனா காரமே இருக்காது. கேரட் மாதிரி கடிக்கலாம்."

"இங்கேருந்து வத்தல் அனுப்பிடலாம்" என்றாள் ரேவதி. நோட்டில் எழுதினாள்.

சந்தையைத் தாண்டி இறக்கத்தில் போனதும் ஆறு வந்தது. அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பாலங்கள், வில் மாதிரி ஒன்று, இரும்புச் சட்டமாக ஒன்று. மாமா எட்டிப் பார்த்து, "ஒரு ஆத்துக்கு எதுக்கு இத்தன பாலம்? கணக்குத் தெரியாதவன் கட்டிருக்கான்" என்றார். சுனிதா லண்டனுக்கே மனசைக் கொடுத்துவிட்டதால் நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டே அரைக் கண்ணால்தான் பார்த்தாள்.

கடைசியில் ஸமீரா தன் அறையைத் திறந்தாள். கட்டில், மேசை, ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். அலமாரியைக்கூடத் திறந்து காட்டினாள். ரேவதிக்குப் பிடித்துப்போயிற்று.

"வாடகை நூத்திப் பத்துதானே?"

"ஆமாக்கா. கரண்டு, தண்ணி எல்லாம் சேத்து."

நோட்டில் இருந்ததும் அதே எண். ரேவதி திருப்தியோடு அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்தாள். "எத்தன மாசத்துக்குக் கட்டிருக்கே?"

"மாசமா? இங்க வாரக் கணக்குக்கா. வாரம் நூத்திப் பத்து."

பென்சில் நின்றது.

வார வாடகை என்றால் நடைபாதையில் தள்ளுவண்டி போடுகிறவன் கொடுப்பது. சுவரும் கதவும் உள்ள அறைக்கு வாரக் கணக்கில் விலை சொல்லும் ஊர் உலகத்தில் இருக்கும் என்று ரேவதி நினைத்ததே இல்லை. அன்று போன் திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஏதோ இருந்தது நினைவுக்கு வந்தது. எண்ணைப் பார்த்தாள், எழுத்தை விட்டுவிட்டாள். நாற்பத்தொரு சிவப்பைப் பிரித்துப் பார்க்கிற கண்!

"லண்டன்லயும் வாரக் கணக்கா?"

"அங்கயும்தான்க்கா."

ஸமீராவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு ரேவதி அங்கேயே உட்கார்ந்து மறுபடி பெருக்கினாள், இந்தத் தடவை ஐம்பத்திரண்டால். நோட்டில் லண்டன் பக்கத்தில் பணம் இரண்டாம் வருஷத்தின் பாதியிலேயே தீர்ந்தது. படிப்பு பாதியில், பெண் அந்நிய ஊரில், இங்கே மிச்ச வயலையும் விற்றால் அப்பா அம்மாவுக்குப் பிழைப்பும் இல்லை. நியூகாசல் பக்கத்தை மூன்று முறை போட்டுப் பார்த்தாள். சுனிதா வாரத்தில் சில மணி நேரம் ஏதாவது கடையில் வேலை பார்த்தால் மூன்றாம் வருஷம் வரைக்கும் கரை சேரும்.

"சுனிதா, இங்க வா. மாமா, நீங்களும் கேளுங்க. நான் தப்புப் பண்ணிட்டேன்." நடந்ததைச் சொன்னாள். "நாளைக்குக் காலைல லண்டனுக்குக் கட்டிருந்தா அவ்வளவுதான்."

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "சின்ன ரூமாப் பாத்துக்கலாம். ஷாநவாஸ் இருக்கான்ல?" என்று தன் போனில் அவனைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கும்படி வைத்தார். "தம்பி, நெசத்தச் சொல்லு. உன் ரூம் வாடகை எவ்வளவு?"

ஷாநவாஸ் குரலைத் தாழ்த்தினான். "என் பங்கைக் கேக்குறீங்களா, மொத்தத்தையா மாமா? ஒரு ரூம்ல நாங்க நாலு பேரு. அதான் அன்னைக்கு அக்காகிட்ட காட்டல. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

மாமா போனை மெல்ல மடியில் வைத்தார்.

"சரிக்கா. நியூகாசலே போறேன்" என்றாள் சுனிதா, தலை குனிந்தபடி. ரேவதிக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. விலை குறைவு என்று மட்டும் ஒரு நூலை வாடிக்கையாளர் தலையில் கட்டி அவளுக்குப் பழக்கமில்லை. துணியோடு ஒத்துப்போகவேண்டும். மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதற்காகவா இத்தனை பாடு?

நோட்டை மூடினாள். போனைக் கையில் எடுத்தாள்.

"ஸமீரா, இதுவரைக்கும் கேட்டதெல்லாம் விடு. ஞாயித்துக்கிழமை நீ என்ன பண்ணுவே? காசு செலவழிக்காம."

"ஞாயித்துக்கிழமையா?" ஸமீரா யோசித்தாள். "துணி துவைப்பேன். உம்மாவுக்குப் பேசுவேன். அப்புறம் ரயிலேறிக் கடல் பக்கம் போவேன், அரை மணி நேரந்தான். இந்த ஆறு கடல்ல சேர்ற எடத்துல ஒரு ஃபெர்ரி இருக்கு. அக்கரைக்குப் போவேன், திரும்பி வருவேன். ஏழெட்டு நிமிஷந்தான். சும்மா மேல நின்னுக்கிட்டு—"

"ஃபெர்ரியா?"

கேட்டது சுனிதா. கையிலிருந்த நூல்கண்டு உருண்டு முக்காலிக்குக் கீழே போனது. அக்காவின் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "மேல்தளம் இருக்கா? வெளிய நிக்கலாமா? எறங்காம அதுலயே திரும்பி வந்தா திட்டுவாங்களா?"

"யாரு திட்டப்போறா? நானே ஒருநாள் தூங்கிட்டேன்."

சுனிதா போனோடு நடைபாதைக்குப் போய்விட்டாள். "அந்தப் பாலத்தை மறுபடி காட்டு. இல்ல, அந்த வில் மாதிரி இருந்துச்சே, அது..." என்று அங்கிருந்து குரல் கேட்டது. ரேவதி குனிந்து நூல்கண்டை எடுத்து, சுற்றி, அதன் இடத்தில் வைத்தாள்.

"எல்லாம் சரி. டீக்கடையில நான் என்ன சொல்றது?" என்றார் மாமா.

"லண்டனுக்குப் பக்கத்துலன்னு சொல்லுங்க."

"பக்கமா?"

நடைபாதையிலிருந்து சுனிதா போனைக் கடைக்குள் திருப்பிப் பிடித்தாள். அதிலிருந்து ஸமீரா சொன்னாள்: "ரயில்ல மூணு மணி நேரம் மாமா."

"மூணு மணி நேரந்தானா? நம்ம தலைநகரம் நேபிடோவுக்குப் போறதுக்கே அஞ்சு மணி நேரம் ஆகுது. அப்பப் பக்கந்தான்!" மாமா எழுந்து லோன்ஜியை உதறிக் கட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் பணம் நியூகாசலுக்குப் போய்விட்டதாக அவரே வந்து சொன்னார்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சுனிதா வீடியோவில் கூப்பிட்டாள். ரேவதி போனை எடுத்துக்கொண்டு வழக்கம்போல நடைபாதைக்கு வந்தாள். திரையில் காற்றில் பறக்கும் முடி, அதற்குப் பின்னால் சாம்பல் நிறத் தண்ணீர், ஒரு கம்பி. அந்தக் கம்பியை எப்படிப் பிடிப்பாள் என்பது அக்காவுக்குத் தெரியும்.

"எத்தனாவது தடவடி?"

"ரெண்டாவது."

"பொய்."

"நாலாவது."

எதிர் டீக்கடையில் மாமா யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். "லண்டனுக்கு எவன் வேணா போவான். விஷயம் தெரிஞ்சவன் நியூகாசல் போவான். ஒரே ஆத்துல ஏழு பாலம்! நாந்தான் பாத்து எடுத்தது."

ரேவதியின் கண் திரையிலேயே இருந்தது. சாம்பல் நிறத்தில் தன் கடையில் பதினேழு வகை இருக்கிறது. அந்தத் தண்ணீர் அதில் ஒன்பதாவதோடு சரியாக ஒத்துப்போகிறது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

"வாடகை கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்க்கா."

"எத்தன வாரத்துக்கு?"

சுனிதா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.