நூற்று எழுபத்தெட்டாவது டிகிரி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது என் கூடப்பிறந்த அக்காவுக்கு. பேயே எதிரில் வந்து நின்றாலும் ‘உயரம் எவ்வளவு?’ என்று டேப்பை எடுக்கிற ரகம் அவள். கதை கட்டத் தெரியாது.

அக்காவுக்கு டிஷ் ஆன்டெனா வேலை. பெரிய கிண்ணம் மாதிரி இருக்குமே, அதற்கு எதிரில் ஓர் உலோகக் கூம்பு நிற்கும். ஃபீட் ஹார்ன் என்பார்கள். கிண்ணம் குவித்துத் தரும் சிக்னலைச் சிந்தாமல் வாங்க வேண்டியது அதுதான். பக்கவாட்டில் வருவதை வாங்கவே கூடாது. எட்டு மாதம் மண்டையை உடைத்து அக்கா புதிதாக ஒன்றை வடிவமைத்திருந்தாள். இது நடந்த அன்று மாலை ஐந்துக்குள் சோதனை முடிவு போயாக வேண்டும். தவறினால் எட்டு மாத உழைப்பும் வேறு கைக்குப் போய்விடும்.

சோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர், கூரை, கதவின் உட்புறம்... எங்கும் கூர்கூரான கறுப்பு ஸ்பாஞ்ச். அலைகளை விழுங்கிவிடும். குரலையும்தான். உள்ளே ஹார்ன் மெல்லச் சுழலும். எந்தத் திசையில் எவ்வளவு சிக்னல் என்று கம்ப்யூட்டர் வரையும் கோட்டை, அக்கா கதவுக்கு வெளியே உட்கார்ந்து பார்ப்பாள். எதிர்ச்சுவர் பூஜ்யம் டிகிரி. கதவு நூற்றெண்பது.

பட்டப்பகல். மணி 2.10. முதல் சுற்று.

கோடு வழுவழுவென்று இறங்கியது. எழுபது டிகிரியில் மட்டும் சின்ன மேடு. அந்தத் திசையில் எதுவோ நின்று சிக்னலைத் திருப்பியடிக்கிறது. எவரோ ஏணியை மறந்துவிட்டார்களோ? உள்ளே போய்ப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

2.35. இரண்டாம் சுற்று. மேடு நூற்றுப் பத்தில்.

ஏணி நடக்குமா?

மேனேஜருக்கு போன் போட்டாள்.

“சார், உள்ள யாராவது வேலை பாக்குறாங்களா?”

“யாரும் இல்லையேம்மா. ஏன்?”

“சும்மாதான் சார்.”

3.05. நூற்று நாற்பத்தைந்து. மேடு பெருத்திருந்தது.

நாலாவது சுற்றை ஓடவிட்டு, டார்ச்சோடு உள்ளே போனாள்.

“யாரது?”

குரல் உதட்டோடு செத்தது. தன் நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்டது. பிறகு... இடது காதருகில்...

களக்.

வறண்ட தொண்டையில் யாரோ எச்சில் விழுங்கும் சத்தம்.

வெளியே பாய்ந்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள்.

3.22. கோடு முடிந்திருந்தது.

நூற்று எழுபத்தெட்டு.

கதவில் சாய்ந்திருந்த அவள் முதுகில்... ஓர் அதிர்வு.

சத்தமே இல்லை.

மறுபடி... ஓர் அதிர்வு.

உள்ளேயிருந்து.

ஓடினாள்.

முடிவு ஐந்து மணிக்குப் போகவில்லை. வேலை கைமாறியது. ஒரு வாரம் கழித்து, அங்கே இருபது வருடமாக இருக்கும் எலக்ட்ரீசியன் சொன்னார்.

“ஸ்பாஞ்ச் ஒட்ட வந்த ஆள் ஒருத்தன்மா. நாலு நாள் லீவுக்கு முந்தின சாயங்காலம், உள்ள இருக்கான்னு தெரியாம பூட்டிட்டுப் போயிட்டாங்க. கத்தியிருப்பான், இடிச்சிருப்பான்... அந்த ரூம்ல கத்தினா யாருக்குக் கேக்கும்?”

“எங்க கிடந்தாரு?”

“கதவுகிட்டதான். தண்ணியில்லாம.”

அக்கா இன்னும் சரியாகத் தூங்குவதில்லை. பயமா என்று கேட்டேன். இல்லையாம்.

அன்று அவளும் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தானே ஓடிவந்தாள்...